பழுதாகிவரும் லேப்டாப் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை வெளியே எடுப்பது

ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு பாதியில் நின்றுவிடுகிறது. சில படங்கள் மேல் பாதி மட்டும் தெரிந்து, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கின்றன. விண்டோஸ் தொடங்கவே கால் மணி நேரம் ஆகிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் கேட்பது "டிஸ்க்கைச் சரிசெய்ய முடியுமா?" என்றுதான். பழுதாகத் தொடங்கிய டிஸ்க் திரும்ப நலமாவதில்லை. அது இன்னும் எத்தனை மணி நேரம் படிக்கவிடும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. மிச்சமிருக்கும் அந்த நேரம் முழுவதையும் கோப்புகளை வெளியே எடுப்பதற்கே செலவிட வேண்டும்.

முதலில் எதைச் செய்யக் கூடாது

செக்-டிஸ்க்கை ஓட்டாதீர்கள். விண்டோஸ் தானாகவே "டிரைவில் பிழை இருக்கிறது, சரிபார்க்கவா?" என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கருவி நல்ல டிஸ்க்கில் குழம்பிப்போன கோப்பு அட்டவணையை ஒழுங்குபடுத்த எழுதப்பட்டது. படிக்க முடியாத இடங்கள் உள்ள டிஸ்க்கில் அது அட்டவணையை மாற்றி எழுதும், உடைந்ததாகத் தோன்றும் பதிவுகளை வெட்டிவிடும். மீட்கக்கூடியதாக இருந்த ஃபோல்டர் அதற்குப் பிறகு பெயரில்லாத துண்டுகளாகிவிடும்.

டீஃப்ராக், வைரஸ் முழு ஸ்கேன், விண்டோஸ் ரீசெட், "ரிப்பேர்" என்ற பெயரில் வரும் எந்த மென்பொருளும் வேண்டாம். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்வதும் கூடாது. டிஸ்க்கை வேறொரு விண்டோஸ் கணினியில் மாட்டினால் வரும் மூன்று கேள்விகளுக்கும் பதில் "வேண்டாம்" தான்: "ஃபார்மேட் செய்யவா?", "இனிஷியலைஸ் செய்யவா?", "ஸ்கேன் செய்து சரிசெய்யவா?". நான்காவதாக ஒன்று உண்டு. அது பார்க்க அப்பாவியாக இருக்கும். பழைய பயனர் ஃபோல்டரைத் திறக்கும்போது "உங்களுக்கு அனுமதி இல்லை, தொடரவா?" என்று கேட்கும். தொடர் என்று அழுத்தினால் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான கோப்புகளின் அனுமதிப் பதிவுகளை விண்டோஸ் ஒவ்வொன்றாக மாற்றி எழுதத் தொடங்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அது பெரிய சுமை.

ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வித்தை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த டிஸ்க் வெளியே வந்ததும் அதில் ஈரம் படியும். செய்யாதீர்கள்.

டிஸ்க்தான் பழுதா என்று பாருங்கள்

லேப்டாப் ஆன் ஆகவே இல்லை, திரை இருட்டாக இருக்கிறது என்றால் டிஸ்க் முழு நலத்தோடு இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் செருகினாலே போதும்.

ஆன் ஆகிறது என்றால் பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) திரைக்குள் போய், டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். பெயர் தெரிந்து விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் நம்பிக்கை இருக்கிறது. பெயரே இல்லை, அல்லது கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டுகிறது என்றால் கோளாறு டிஸ்க்கின் சர்க்யூட்டிலோ கன்ட்ரோலரிலோ இருக்கலாம். வீட்டில் செய்ய அதற்கு மேல் அதிகமில்லை.

சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் காதையும் பயன்படுத்துங்கள். சீரான இடைவெளியில் "டிக்… டிக்…" என்று கேட்டால், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டுகிறது. மெல்லிய "பீப்" சத்தம் என்றால் மோட்டார் சுழல முடியாமல் திணறுகிறது. பெரும்பாலும் முனை தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். உரசும் சத்தம் என்றால் முனை தட்டையே சுரண்டுகிறது, தகவல் இருக்கும் பூச்சு தூளாகிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றில் எது கேட்டாலும் அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்துங்கள். கோப்புகள் முக்கியம் என்றால் நேராக மீட்பு ஆய்வகத்துக்குப் போக வேண்டிய நிலை இது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. யூஎஸ்பி உறையில் போட்ட பிறகுதான் டிக் சத்தம் வருகிறது என்றால் மின்சாரம் போதாமல் இருக்கலாம். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது சுமார் 1 ஆம்பியர் வரை இழுக்கும். யூஎஸ்பி 2 துளை தருவது 0.5 ஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 0.9. கம்பியைக் குட்டையாக மாற்றுங்கள், அல்லது தனி மின்சாரம் உள்ள உறையில் ஒரு முறை பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன் மேகச் சேமிப்பைப் பாருங்கள்

எந்தத் திருகையும் தொடும் முன், வேறொரு கருவியிலிருந்து உங்கள் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், கூகுள் ஃபோட்டோஸ், ஐகிளவுட் கணக்குகளில் நுழைந்து பாருங்கள். புதிய விண்டோஸ் லேப்டாப்களில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் உரிமையாளருக்கே தெரியாமல் ஒன்டிரைவில் ஏறிக்கொண்டிருப்பது சாதாரணம். அங்கே பாதி கிடைத்துவிட்டால் டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டிய பட்டியல் சுருங்கும்.

அதே நேரத்தில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் சாவியையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்புச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி துறையிடம் இருக்கும். சாவி இல்லையென்றால், டிஸ்க்கின் ஒவ்வொரு பைட்டையும் மீட்டாலும் கையில் இருப்பது குப்பைதான். எந்த ஆய்வகமும் அதைத் திறந்து தராது.

என்னென்ன தேவை

லேப்டாப் டிஸ்க்கைவிடப் பெரிய வெளி டிஸ்க் ஒன்று. 1 டிபி டிஸ்க் என்றால் 2 டிபி வாங்குங்கள்: முழு நகலுக்கு ஒரு பங்கு, அதிலிருந்து பிரித்தெடுக்கும் கோப்புகளுக்கு இன்னொரு பங்கு. அது எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கட்டும். ஃபேட்32 வடிவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை எழுத முடியாது. முழு நகல் அங்கேயே நின்றுவிடும்.

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்று. நல்ல கணினி ஒன்றில் உபுண்டு டெஸ்க்டாப் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் கொண்டு அதில் ஏற்றுங்கள். லினக்ஸ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இங்கே தேவைப்படுவது கொஞ்சம்தான். விண்டோஸ் தான் பார்க்கும் டிஸ்க்கில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். பென் டிரைவிலிருந்து ஓடும் உபுண்டு நீங்கள் சொல்லும்வரை உள் டிஸ்க்கைத் தொடாது. லினக்ஸ் பக்கம் போவதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

டிஸ்க்கைக் கழற்றுவதாக இருந்தால் சரியான உறை. 2.5 அங்குல டிஸ்க்குக்கு சாட்டா உறை. எம்.2 எஸ்எஸ்டி என்றால் கவனம் தேவை: பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கான உறை மற்றதைப் படிக்காது. ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், அல்லது இரண்டையும் ஏற்கும் உறையை வாங்குங்கள். கழற்றும் முன் சார்ஜரை உருவி, உள்ளே பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். விலை குறைந்த சில லேப்டாப்களில் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்குகளிலும் கழற்றி வேறிடத்தில் படிக்க முடியாது. அவற்றில் அந்தக் கருவியையே ஓடவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

டிஸ்க்கின் நிலையைப் படிப்பது

விண்டோஸ் இன்னும் ஓடுகிறது என்றால், டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்-டிஸ்க்-இன்ஃபோவின் இன்ஸ்டால் தேவைப்படாத பதிப்பைப் பென் டிரைவிலிருந்து திறங்கள். மஞ்சள், சிவப்பு நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் கீழே உள்ள வரிகளைப் படியுங்கள்.

05 என்ற வரி: டிஸ்க் ஏற்கெனவே கைவிட்டு மாற்றிடம் கொடுத்த செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் சேமிக்கப்படும் சிறு துண்டுகள்). சி5: படிக்கத் திணறுகிற, இன்னும் முடிவாகாத செக்டர்கள். சி6: படிக்கவே முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 இன்று 8, நாளை 200 என்று ஏறினால் பழுது பரவுகிறது. சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறில்லை. கேபிளோ இணைப்போ தளர்ந்திருக்கிறது. அந்த மென்பொருள் எண்களை இயல்பாகப் பதினாறடிமானத்தில் காட்டும். மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் 100 என்று தெரிவது உண்மையில் 256.

என்விஎம்இ எஸ்எஸ்டியில் இந்த வரிகள் இருக்காது. "மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்" பூஜ்யமாக இருக்கிறதா, "அவெய்லபிள் ஸ்பேர்" எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பாருங்கள்.

இரண்டு வழிகளில் எது?

ஃபோல்டர்கள் உடனே திறக்கின்றன, சி5 ஒற்றை அல்லது இரட்டை இலக்கத்தில் இருக்கிறது, சத்தமில்லை என்றால் முக்கியமான கோப்புகளை நேரடியாக நகலெடுக்கலாம். திறக்கும்போதே உறைந்துபோகிறது, பிழைச் செய்தி வருகிறது, எண்கள் ஏறுகின்றன என்றால் நேரடி நகலைத் தொடாமல் முழு டிஸ்க்கையும் ஒரே படக் கோப்பாக (டிஸ்க் இமேஜ்: டிஸ்க்கின் அப்பட்டமான நகல் அடங்கிய ஒற்றைக் கோப்பு, புகைப்படம் அல்ல) எடுக்க வேண்டும்.

இதன் காரணம் டிஸ்க் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது டிஸ்க் தானே பலமுறை முயலும். அதில் பல நொடிகள் போகும். தோற்றதும் விண்டோஸ் மறுபடி கேட்கும். ஒரே கெட்ட இடத்தில் முனை இப்படி மாட்டிக்கொண்டிருக்கும்போது, நல்ல இடங்களில் இருக்கும் உங்கள் கோப்புகள் காத்துக்கிடக்கின்றன. டிஸ்க்கின் ஆயுளும் கரைகிறது. நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும் கருவிதான் தேவை.

நேரடி நகல்

வரிசை முக்கியம். திரும்பக் கிடைக்கவே கிடைக்காதவை முதலில்: சொந்தப் படங்கள், ஆவணங்கள், நீங்கள் எழுதியவை. பிறகு வேலைக் கோப்புகள். சினிமா, இன்ஸ்டாலர் போன்றவற்றை விட்டுவிடுங்கள்.

மறந்துபோகும் இடங்கள் சில: டவுன்லோட்ஸ் ஃபோல்டர், டெஸ்க்டாப், மின்னஞ்சல்கள் இருக்கும் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு, மறைந்திருக்கும் ஆப்-டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் சுயவிவரங்கள். ஃபயர்ஃபாக்ஸ் சுயவிவர ஃபோல்டரை முழுதாக நகலெடுத்தால் கடவுச்சொற்களும் கூடவே வரும். குரோமின் கடவுச்சொற்கள் அப்படி வராது. அவை அந்த விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. விண்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால் குரோமில் நுழைந்து அவற்றை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

இழுத்துப்போட்டு நகலெடுத்தால் ஒரு கெட்ட கோப்பில் எல்லாம் நின்றுவிடும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி மேலானது. ஆனால் அதன் இயல்பான அமைப்பை மாற்றியே ஆக வேண்டும்: ஒரு கோப்பு தோற்றால் அது 30 நொடி காத்திருந்து 10 லட்சம் முறை முயலும்! மறுமுயற்சிக்கான ஆர் விருப்பத்தையும், காத்திருப்புக்கான டபிள்யூ விருப்பத்தையும் 1 என்று கொடுங்கள். கட்டளையில் மூல ஃபோல்டர், சேருமிடம், உள் ஃபோல்டர்களுக்கான ஈ விருப்பம், பிறகு இந்த இரண்டு. வேகம் சட்டென்று விழுந்தால், அல்லது தோல்விகள் வரிசையாக வந்தால் நிறுத்திவிட்டு அடுத்த வழிக்கு வாருங்கள்.

முழு நகல் எடுப்பது

டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவிதான் இதற்கு. குனூ திட்டத்தைச் சேர்ந்தது. டெர்மினல் சாளரத்தில் தட்டச்சு செய்து ஓட்டும் கட்டளை வரிக் கருவியைப் பார்த்து மிரள வேண்டாம், இரண்டே கட்டளைகள்.

1. லேப்டாப்பில் சார்ஜரைச் செருகுங்கள். பென் டிரைவிலிருந்து தொடங்க, ஆன் செய்ததும் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப்பைத் தட்டுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். உபுண்டு வந்ததும் "இன்ஸ்டால்" அல்ல, "டிரை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை உறக்கம், தானியங்கி உறக்கம் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

2. வெளி டிஸ்க்கைச் செருகி, "டிஸ்க்ஸ்" என்ற செயலியைத் திறங்கள். கொள்ளளவையும் மாடல் பெயரையும் பார்த்து எது பழுதான டிஸ்க், எது புதியது என்று பெயரோடு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழுதானது எஸ்டிஏ என்றோ என்விஎம்இ0என்1 என்றோ இருக்கும். உள் என்விஎம்இ டிஸ்க் பட்டியலிலேயே இல்லை என்றால் பயாஸில் சேமிப்பு முறை ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும். அதை ஏஹெச்சிஐ ஆக்கினால் தெரியும். அதன் பிறகு விண்டோஸ் தொடங்காமல் போகலாம். மறுபடி பழைய அமைப்புக்கு மாற்றினால் சரியாகும்.

3. இணையத்தோடு இணைந்து, ஜிடிடிரெஸ்க்யூ என்ற தொகுப்பை நிறுவுங்கள். தொகுப்பின் பெயரில் முன்னால் ஒரு ஜி உண்டு, கட்டளையில் இல்லை. கிடைக்கவில்லை என்று சொன்னால் உபுண்டுவின் "யூனிவர்ஸ்" என்ற கூடுதல் மென்பொருள் களஞ்சியத்தை இயக்குங்கள்.

4. முதல் ஓட்டம். சூடோவுடன் (நிர்வாகி அனுமதியோடு ஓட்டச் சொல்லும் சொல்) கட்டளைப் பெயர், சிறிய எழுத்து என் விருப்பம், பிறகு இந்த மூன்றும் இதே வரிசையில்: பழுதான டிஸ்க், வெளி டிஸ்க்கில் படக் கோப்பு, வெளி டிஸ்க்கிலேயே வரைபடக் கோப்பு. மூலம் முன்னால், சேருமிடம் பின்னால். "ஃபோர்ஸ் சேர்க்கவும்" என்று கருவி கேட்டால் சேர்க்காதீர்கள். படக் கோப்புக்கு எழுத அது தேவையே இல்லை. சேருமிடமாக ஒரு டிஸ்க்கையே கொடுத்துவிட்டீர்கள் என்பதற்கான எச்சரிக்கை அது.

5. இரண்டாம் ஓட்டம். அதே மூன்று பெயர்கள், என் விருப்பத்துக்குப் பதிலாக சிறிய டியும் ஆர்3 என்பதும். விட்டுவைத்த இடங்களுக்கு மட்டும் திரும்பிவந்து மூன்று முறை முயலும்.

அந்த வரைபடக் கோப்பில்தான் கருவியின் பலமே இருக்கிறது. எங்கே படித்தாயிற்று, எங்கே விட்டது என்று அதில் பதிவாகிக்கொண்டே வரும். மின்சாரம் போனாலும் டிஸ்க் சூடாகி நீங்களே நிறுத்தினாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதை மறந்தால் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்துதான்.

நேரம்: நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி முடிய 2 மணி 45 நிமிடத்துக்கு மேல் ஆகும். பழுதான டிஸ்க் நொடிக்கு 5 எம்பிக்கு விழுந்தால் அதே வேலை 55 மணி நேரம். இது சகஜம். ஹார்ட் டிஸ்க்கின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். ஒரு மேசை விசிறியைத் திருப்பி வைப்பது நன்று. முன்பகுதியிலேயே ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டால் பெரிய எழுத்து ஆர் விருப்பம் சேர்த்து, கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லலாம். யூஎஸ்பி உறையில் போட்ட டிஸ்க் கெட்ட செக்டர் வந்ததும் இணைப்பை அறுத்துக்கொண்டு மறைகிறதா? பல உறைகளின் சிப் பிழைகளைத் தாங்காது. டிஸ்க்கை லேப்டாப்புக்குள்ளேயே வைத்து ஓட்டுவது, அல்லது மேசைக் கணினியின் சாட்டா கேபிளில் நேரடியாக மாட்டுவது மேல்.

நடுவில் டிக் சத்தம் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். அதுவரை எடுத்தது பத்திரமாக இருக்கிறது.

படக் கோப்பிலிருந்து கோப்புகளைப் பிரிப்பது

இனி பழைய டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிடலாம். எல்லா வேலையும் படக் கோப்பின் மேல்தான். உபுண்டுவில் அந்தக் கோப்பை வலச்சொடுக்கி "டிஸ்க் இமேஜ் மவுன்ட்டர்" மூலம் திறந்தால், எழுத முடியாத நிலையில் உள்ளே இருக்கும் பிரிவுகள் தெரியும். விண்டோஸில் 7-ஜிப்பும் பல நேரங்களில் திறந்துவிடும். பிட்லாக்கர் பிரிவு என்றால் புதிய உபுண்டு கடவுச்சொல் கேட்கும்; 48 இலக்கச் சாவியை இடைக்கோடுகளோடு அப்படியே கொடுங்கள்.

கோப்பு அட்டவணை இருந்த இடமே கெட்டுப்போயிருந்தால் பிரிவு திறக்காது. அப்போது முதலில் டெஸ்ட்-டிஸ்க். தொலைந்த பிரிவைத் தேடி, ஃபோல்டர் பெயர்களோடு நகலெடுக்க அது உதவும். அதுவும் முடியாவிட்டால் ஃபோட்டோ-ரெக். அது அட்டவணையைப் பார்க்காமல், ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தைத் தேடிப் பொறுக்கும். படங்கள் நன்றாகக் கிடைக்கும். ஆனால் பெயரும் ஃபோல்டரும் போய்விடும், துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்த பெரிய வீடியோக்கள் உடைந்திருக்கும். பல்லாயிரம் பெயரற்ற கோப்புகளைப் பிரிக்கப் பொறுமை வேண்டும், அதனால்தான் இது கடைசி வழி.

"99.98 சதவீதம் மீட்கப்பட்டது" என்று பார்த்ததும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 1 டிபியில் மிச்சமுள்ள 0.02 சதவீதம் 200 எம்பி. அது வெற்றிடத்தில் விழுந்திருந்தால் இழப்பே இல்லை. படங்களின் மேல் விழுந்திருந்தால் நூறு படம் கெட்டிருக்கும். எந்தக் கோப்புகள் பாதிக்கப்பட்டன என்று அறிய, படக் கோப்பின் ஒரு பிரதியில் டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறையைக் கொண்டு கெட்ட இடங்களில் ஏதாவது ஒரு தனிச் சொல்லை எழுதச் சொல்லி, பிறகு அந்தச் சொல் எந்தக் கோப்புகளில் இருக்கிறது என்று தேடலாம். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் முக்கியமானவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சிறுபடம் தெரிவதால் முழுப் படமும் நலம் என்று ஆகாது. சிறுபடம் வேறிடத்தில் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம்.

எஸ்எஸ்டி என்றால்

மேலே சொன்ன படிகள் எஸ்எஸ்டிக்கும் பொருந்தும், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முன்கூட்டி முனகும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் ஒரே நாளில் மறையும். சில எஸ்எஸ்டிகள் ஆயுள் முடியும்போது படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குப் போகும். எதையும் சேமிக்க முடியவில்லை, ஆனால் திறக்க முடிகிறது என்பது அதன் அறிகுறி. அது நல்ல வாய்ப்பு, உடனே எடுத்துவிடுங்கள். அழித்த கோப்புகளை மட்டும் எஸ்எஸ்டியில் தேட வேண்டாம். டிரிம் வசதி இயங்கும் கணினியில் அழித்த சிறிது நேரத்திலேயே அந்த இடம் வெறுமையாகிவிடும்.

ஆய்வகத்துக்குப் போவது

சத்தமிடும் டிஸ்க், பயாஸில் தெரியாத டிஸ்க், தண்ணீர் பட்ட டிஸ்க், கீழே விழுந்த டிஸ்க்: இவற்றை வீட்டில் ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆய்வகத்தின் வாய்ப்பைக் குறைக்கிறது. மூடியைத் திறக்கவே கூடாது. முனை தட்டின் மேல் மிதக்கும் உயரம் நானோமீட்டர் கணக்கு. ஒரு தூசி அதைவிடப் பல மடங்கு பெரியது. அதே மாடலின் சர்க்யூட் போர்டை வாங்கி மாற்றுவதும் இன்றைய டிஸ்க்குகளில் நேரடியாகப் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள சிப்பில் இருக்கின்றன, அந்தச் சிப்பையும் மாற்ற வேண்டும்.

கொடுக்கும் முன் சில கேள்விகள். பரிசோதனைக்குக் கட்டணம் உண்டா? கோப்பு கிடைக்காவிட்டால் எவ்வளவு? பணம் கட்டும் முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவீர்களா? தூசியற்ற அறை உங்களிடமே இருக்கிறதா, வேறிடத்துக்கு அனுப்புவீர்களா? நீங்கள் ஏற்கெனவே என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பாதி எடுத்த படக் கோப்பும் வரைபடக் கோப்பும் இருந்தால் அவற்றையும் கொடுங்கள்.

எடுத்த பிறகு

மீட்ட கோப்புகளை இரண்டாவது இடத்துக்கும் உடனே நகலெடுங்கள். இப்போது அவை ஒரே வெளி டிஸ்க்கில் இருக்கின்றன. படக் கோப்பை அவசரப்பட்டு அழிக்காதீர்கள், "அந்த ஃபோல்டர் எங்கே?" என்பது சில மாதங்கள் கழித்துத்தான் நினைவுக்கு வரும். பழைய டிஸ்க்குக்கு வாரன்டி மிச்சமிருந்தாலும், அதைத் திருப்பிக் கொடுக்கும் முன் யோசியுங்கள். பிட்லாக்கர் போன்ற பூட்டு இருந்தால் பயமில்லை. இல்லையென்றால், படிக்கவே திணறும் டிஸ்க்கை நம்பகமாக அழித்துக் கொடுக்கவும் முடியாது. அதில் வங்கி ஆவணங்களும் அடையாளச் சான்றுகளும் இருந்தால் மாற்று டிஸ்க்கை மறந்துவிட்டு, இதைத் துளையிட்டு எறிவதே உத்தமம். எஸ்எஸ்டி என்றால் துளை கறுப்புச் சிப்புகள் ஒவ்வொன்றின் வழியாகவும் போக வேண்டும்.